ஃபேக்டரி கணக்கு ஏன் திரிக்கப்படுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது: குடோனிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. படிப்புக்கான ஆடிட் பயிற்சியில், இருந்த காலத்தில், ஒரு மார்ச் 31 அன்று, ஊருக்கு வெளியே இருந்த ஒரு வார்ப்பாலைக்கு ஸ்டாக் எண்ணப் போனேன். பம்ப் பாகங்களை வார்த்துக் கடைந்து கொடுக்கிற இடம். கையில் கொடுத்த தாளில் ஒரு குவியலுக்கு நேராக "80% முடிந்தது" என்று போட்டிருந்தது. கடைசல் ஆகிவிட்டது, துளை போட்டாகிவிட்டது, பெயின்ட் மட்டும்தான் பாக்கி என்று அர்த்தம். குனிந்து ஒரு பீஸை எடுத்தேன், விரலில் கறுப்பு மணல் ஒட்டியது. மோல்டிங் மணல் இன்னும் உதிராமல் இருக்கிறது என்றால் அந்த வார்ப்புக்கு ஃபெட்லிங்கே (மணலையும் பிசிறையும் நீக்கிச் சுத்தம் செய்வது) நடக்கவில்லை, அது லேத் பக்கமே போகவில்லை. தாளில் அதன் விலை, கையில் இருந்த பொருளின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கேட்டதும் கணக்கர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, பேங்க்ல லிமிட் ரினியூவல் இந்த மாசம்தான். இப்ப இதைக் கிளறாதீங்க, அடுத்த குவார்ட்டர்ல நாங்களே சரி பண்ணிடுவோம்."

அழுத்தம் எங்கிருந்து வருகிறது, பொய் எங்கே ஒளிகிறது, தப்பு செய்பவர் தனக்குத் தானே என்ன சமாதானம் சொல்லிக்கொள்கிறார், மூன்றும் அந்த ஒரு பேச்சிலேயே இருந்தன. இந்த மூன்றையும் ஒவ்வொரு படியாகப் பிரித்துச் சொல்கிறேன். பங்கு வாங்குகிறவர், கடனுக்குச் சரக்கு அனுப்புகிற சப்ளையர், புதிதாக ஆடிட்டுக்குப் போகிற மாணவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஸ்டாக் எப்படி லாபமாகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதை விட்டுவிட்டு நேராக விகிதங்களுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போனால் எண்கள் கிடைக்கும், அவை எதைச் சொல்கின்றன என்று பிடிபடாது.

ஒரு கம்பெனி வருடத் தொடக்கத்தில் 20 கோடி ரூபாய் சரக்கு வைத்திருக்கிறது. வருடம் முழுக்க உற்பத்திச் செலவு 100 கோடி. முடிவில் மீண்டும் 20 கோடிக்குச் சரக்கு இருக்கிறது. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 100 கோடி. விற்பனை 105 கோடி என்றால் லாபம் 5 கோடி. சரி, இப்போது ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். முடிவுச் சரக்கை 25 கோடி என்று எழுதினால் அடக்கம் 95 ஆகக் குறைகிறது, லாபம் 10 கோடியாகிவிடுகிறது. கூடுதலாக ஒரு நட் போல்ட் கூட விற்கவில்லை, ஒரு வாடிக்கையாளர்கூட புதிதாக வரவில்லை, ஆனால் லாபம் இரட்டிப்பு. ஐ.டி. கம்பெனியில் இதே காரியத்துக்குப் போலி இன்வாய்ஸ் வேண்டும், போலி வங்கி இருப்பு வேண்டும். ஃபேக்டரியில் குடோன் தாளில் ஒரு எண் போதும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதுதான் பின்னால் நமக்கு உதவப்போகிறது. இந்த வருடத்தின் முடிவுச் சரக்கு அடுத்த வருடத்தின் தொடக்கச் சரக்கு. 25 கோடியில் தொடங்கிய அடுத்த வருடம் உண்மையான 20 கோடியில் முடிந்தால், வராத அந்த 5 கோடியும் அந்த வருட லாபத்தை விழுங்கிவிடும், மிஞ்சுவது பூஜ்யம். அதே 10 கோடி லாபத்தை மறுபடி காட்ட வேண்டுமானால் முடிவுச் சரக்கு 30 கோடி ஆக வேண்டும். அதற்கடுத்த வருடம் 35. "அடுத்த குவார்ட்டர்ல சரி பண்ணிடுவோம்" என்பது நடக்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். சரி செய்கிற வருடம் இரண்டு மடங்கு அடி வாங்க வேண்டும், அதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, இது பெரும்பாலும் விதிக்குள்ளேயே நடக்கும். வாடகை, மேலாளர் சம்பளம், மெஷின் தேய்மானம் போன்ற நிலையான செலவு 10 கோடி என்று வையுங்கள். 1 லட்சம் பம்ப் செய்து அத்தனையும் விற்றால் ஒரு பம்ப்பின் மேல் 1,000 ரூபாய் ஏறும். விற்பனை அதே 1 லட்சம்தான், ஆனால் 2 லட்சம் பம்ப் செய்தால் ஒன்றின் மேல் 500 ரூபாய்தான். மீதி 5 கோடி செலவு விற்காத பம்ப்புகளோடு சேர்ந்து குடோனில் உட்கார்ந்துவிடும், லாப நஷ்டக் கணக்குக்கு வராது. தேவைக்கு மேல் உற்பத்தி செய்தே லாபத்தை உயர்த்தலாம் என்பது இதுதான். நேர்மாறாக, ஃபேக்டரி பாதி நாள் சும்மா கிடந்தால் அந்த வீண் செலவைச் சரக்கின் மேல் ஏற்றக் கூடாது, வழக்கமான உற்பத்தித் திறனை அடிப்படையாக வைத்து மட்டுமே ஏற்ற வேண்டும், மிச்சத்தை அந்த வருடச் செலவாகவே காட்ட வேண்டும் என்று கணக்கியல் தரம் சொல்கிறது. மந்தமான வருடத்தில் இந்த விதி மீறப்படுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

படி 2: அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பாருங்கள்

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர், பணம் கையாடி ஜெயிலுக்குப் போனவர்களிடம் பேசிப் பேசி 1950-களில் ஒரு முடிவுக்கு வந்தார். வெளியே சொல்ல முடியாத ஒரு நெருக்கடி, அதைத் தீர்க்க ஒரு வாய்ப்பு, தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ள ஒரு நியாயம், இந்த மூன்றும் சேரும்போதுதான் தப்பு நடக்கிறது என்றார். மோசடி முக்கோணம் என்று இன்று எல்லா ஆடிட் பாடத்திலும் இருப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான். உற்பத்தி நிறுவனத்துக்கு இதைப் பொருத்தும்போது அழுத்தத்தைத்தான் நான் முதலில் தேடுவேன், ஏனென்றால் அது ஆண்டறிக்கையிலேயே பாதி எழுதியிருக்கும்.

முதலாவது வங்கி. கேஷ் கிரெடிட், அதாவது சரக்கையும் பாக்கியையும் ஈடாக வைத்து ஒரு லிமிட் வரை எடுத்துக்கொள்ளும் கடன், வாங்குகிற கம்பெனி மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். சரக்கின் மதிப்பிலும் வரவேண்டிய பாக்கியிலும் ஒரு பங்கை மார்ஜினாகக் கழித்து டிராயிங் பவர் (அப்போது எடுக்கக்கூடிய தொகை) போடுவார்கள், நாள்பட்ட பாக்கியைச் சேர்க்க மாட்டார்கள். ஆக, சரக்கு குறைந்தால் எடுக்கக்கூடிய பணமும் உடனே குறையும். வியாபாரம் நன்றாக நடந்து சரக்கு விற்றுத் தீர்ந்து குறைந்தால் பரவாயில்லை, பணம் கைக்கு வந்திருக்கும். ஆர்டர் இல்லாமல், மூலப்பொருள் வாங்கவே காசில்லாமல் சரக்கு குறைந்திருந்தால்? அன்றைக்குத்தான் லிமிட் மிக அவசியம், அன்றைக்குத்தான் லிமிட்டும் குறையும். எண்ணை ஏற்றி எழுதும் பழக்கம் பல இடங்களில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, புரமோட்டர் தன் பங்குகளை அடகு வைத்திருப்பது. பங்கு விலை விழுந்தால் கூடுதல் பங்கோ பணமோ கேட்பார்கள், அதனால் காலாண்டு முடிவு மோசமாக வரவே கூடாது என்ற நிலை உண்டாகிறது. மூன்றாவது, கடன் வாங்கிக் கட்டிய புது ஆலை. வட்டியும் தேய்மானமும் முதல் நாளிலிருந்து ஓடும், ஆர்டர் மட்டும் மெதுவாகத்தான் வரும். சிறிய, பட்டியலிடப்படாத கம்பெனிகளில் அழுத்தம் எதிர்த்திசையிலும் இருக்கலாம். வரியைக் குறைக்கச் சரக்கைக் குறைத்துக் காட்டுவார்கள், வேலை செய்கிற கருவி ஒன்றுதான்.

நான்காவது, மேலிருந்து வரும் டார்கெட். இதற்கு ஜப்பானின் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியான தோஷிபாவை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, 2011-இல் ஃபுகுஷிமா விபத்தால் அணு உலை வியாபாரம் முடங்கியது, அந்த வியாபாரத்தை நம்பித்தான் 2006-இல் தோஷிபா, அணு உலை கட்டும் அமெரிக்கக் கம்பெனியான வெஸ்டிங்ஹவுஸை வாங்கியிருந்தது. கம்ப்யூட்டர், டிவி வியாபாரமும் தேய்ந்துகொண்டிருந்தது. தலைவர்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு லாப இலக்கு வைத்தார்கள், அதற்கு அங்கே பெயர் "சேலஞ்ச்". 2012 செப்டம்பர் கடைசியில், காலாண்டு முடிய மூன்று நாள் இருக்கும்போது, கம்ப்யூட்டர் பிரிவு தன் லாபத்தை 1,200 கோடி யென் கூட்ட வேண்டும் என்று தலைவர் சொன்னார். மூன்று நாளில் எந்தத் தொழிற்சாலையாலும் அப்படி உழைத்துச் சம்பாதிக்க முடியாது, மூன்று நாளில் முடிகிற ஒரே விஷயம் கணக்கில் எழுதுவது. பொய் எழுது என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

எப்படிச் செய்தார்கள்? லேப்டாப்பை அசெம்பிள் செய்து கொடுக்கிற தைவான் நிறுவனங்களுக்குத் தோஷிபாவே உதிரி பாகங்களை வாங்கி விற்கும். தான் வாங்கிய விலை வெளியே தெரியக் கூடாது என்பதற்காகப் பல மடங்கு கூட்டிய விலையில் விற்கும். பின்னால் முழு லேப்டாப்பைத் திரும்ப வாங்கும்போது அந்தக் கூடுதல் விலையும் சேர்ந்தே வரும், நேர் செய்துகொள்ளலாம். இதுவரை தப்பில்லை. ஆனால் பாகங்களை விற்ற அன்றே அந்த வித்தியாசத்தை லாபமாக எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன, காலாண்டு முடியப்போகிறது என்றால் தேவைக்கு மேல் பாகங்களைத் தைவானுக்குத் தள்ளிவிட்டால் போதும், லாபம் வந்துவிடும். அடுத்த மாதம் நஷ்டம் வரும், அதை மூட அடுத்த காலாண்டு இறுதியில் இன்னும் அதிகம் தள்ள வேண்டும். என் வார்ப்பாலையின் குவியலும் இதுவும் ஒன்றேதான், அளவு மட்டும் வேறு.

2015 ஜூலையில் வெளிவந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை, சுமார் ஏழு ஆண்டுகளில் 15,180 கோடி யென் லாபம் மிகைப்படுத்தப்பட்டதாகச் சொன்னது. அப்போதைய தலைவர் ஹிசாவோ தனகாவும் அவருக்கு முந்தைய இரண்டு தலைவர்களும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். 1949-இலிருந்து பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி 2023 டிசம்பரில் அங்கிருந்து வெளியேறியது.

படி 3: வாய்ப்பு எங்கே திறந்திருக்கிறது என்று பாருங்கள்

நேரில் பார்த்தால்கூட எளிதில் மதிப்பிட முடியாத சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே வாய்ப்பு இருக்கிறது. பாதி முடிந்த வேலை, நிலக்கரிக் குவியல், தொட்டியில் எண்ணெய், ஜாப் ஒர்க்குக்கு (வேறொருவரிடம் கூலிக்கு வேலை செய்ய) வெளியே அனுப்பிய பொருள், தூரத்து ஊரின் வாடகைக் குடோன் எல்லாமே இந்த வகைதான். 1963-இல் அமெரிக்காவில் ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனி தொட்டிகளில் பெரும்பகுதி தண்ணீரை நிரப்பி மேலே எண்ணெயை மிதக்கவிட்டது. அளக்க வந்தவர்கள் மேலே எண்ணெயைப் பார்த்தார்கள், அதை நம்பிக் கடன் கொடுத்தவர்களும் பொறுப்பேற்ற அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் பெரிய நஷ்டம் கண்டார்கள். அதற்கும் முன்னால், 1938-இல், மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியின் 8.7 கோடி டாலர் சொத்தில் சுமார் 1.9 கோடி டாலர் இல்லவே இல்லை, வெறும் காகிதம் என்று தெரிந்தது. அதுவரை ஆடிட்டர் குடோனுக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மார்ச் 31 அன்று ஆர்ட்டிகிள் பிள்ளைகள் கையில் தாளோடு குடோன் குடோனாகப் போவதன் வேர் அங்கே இருக்கிறது.

குழுக்கள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தோஷிபாவில் ஆடிட் கமிட்டி இருந்தது, நல்ல நிர்வாகத்துக்கு முன்மாதிரி என்ற பெயரும் இருந்தது. ஆனால் அந்தக் கமிட்டிக்குத் தலைவர் அதே கம்பெனியின் முன்னாள் நிதித் தலைமை அதிகாரி. தன் கையெழுத்தில் போன கணக்கை ஒருவர் எப்படித் துருவிப் பார்ப்பார்?

படி 4: ஆளைப் பாருங்கள்

இது அளக்க முடியாத பகுதி, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பிற்காலத்தில் முக்கோணத்தோடு திறமையையும் அகந்தையையும் சேர்த்தார்கள். கணக்கின் ஓட்டைகள் தெரிந்தவர், தனக்கு விதி பொருந்தாது என்று நினைப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சன்பீம், வீட்டு உபயோகப் பொருள் செய்யும் கம்பெனி, 1996-இல் ஆல் டன்லப்பைத் தலைவராக்கியது. ஆட்களை வெட்டித் தள்ளுவதில் பேர் போனவர், அவர் வருகிறார் என்ற செய்திக்கே பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய பாதி ஏறியது. 12,000 ஊழியர்களில் பாதிப் பேரின் வேலையை எடுப்பதாக அறிவித்தார். முதல் வருட நஷ்டத்தை வேண்டுமென்றே பெரிதாக்கி, அதில் ஒதுக்கிய தொகையை அடுத்த வருடம் எடுத்து லாபமாகக் காட்டினார்கள். கோடைக்கான பார்பிக்யூ அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே கடைக்காரர்கள் தலையில் தள்ளுபடியோடு கட்டினார்கள், சரக்கு போய்ச் சேராமல் வாடகைக் குடோனில் கிடக்கும்போதே அதை விற்பனை என்று எழுதினார்கள். 1997-இல் காட்டிய 18.9 கோடி டாலர் வரிக்கு முந்தைய லாபத்தில் குறைந்தது 6 கோடி மோசடியால் வந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னால் சொன்னது. 1998 ஜூனில் டன்லப்பை நீக்கினார்கள், 2001-இல் கம்பெனி திவால். வேலை இழந்த குடும்பங்களுக்கு அந்த எண்களால் ஒரு பைசா பயனில்லை, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரே ஆளின் பேருக்காக ஒரு கம்பெனியின் பங்கு ஏறுகிறது என்றால், அந்த ஆள் வந்த முதல் வருடத்தின் நஷ்டத்தையும் ஒதுக்கீடுகளையும் வரி வரியாகப் படியுங்கள்.

படி 5: ஐந்து வருட எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

ஒரு வருடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்து வருட ஆண்டறிக்கைகளை இறக்கி, விற்பனை, சரக்கு, வரவேண்டிய பாக்கி, வரிக்குப் பிந்தைய லாபம், செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம், மின் செலவு, இந்த ஆறு வரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் லாபத்தையும் ரொக்கத்தையும் பாருங்கள். 1997-இல் சன்பீமின் வரிக்குப் பிந்தைய லாபம் சுமார் 10.9 கோடி டாலர், செயல்பாட்டு ரொக்கமோ சுமார் 82 லட்சம் டாலர் மைனஸ். விற்பனை 19% ஏறியபோது சரக்கு 16.2 கோடியிலிருந்து 25.6 கோடிக்கு, அதாவது சுமார் 58% ஏறியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க யாருடைய ரகசியமும் தேவைப்படவில்லை, வெளியிட்ட கணக்கிலேயே இருந்தது.

சரக்கு விற்பனையை விட வேகமாக ஏறி, அதே சமயம் மொத்த லாப விகிதமும் ஏறுகிறது என்றால் நின்று யோசியுங்கள். சரக்கு தேங்குகிற கம்பெனி சாதாரணமாக விலையைக் குறைத்துத்தான் தள்ள வேண்டியிருக்கும், அதன் மார்ஜின் குறையத்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் நான் முதலில் சந்தேகப்படுவது முடிவுச் சரக்கின் மதிப்பைத்தான். எஃகு விலை எகிறிய வருடமோ, புது ஆலைக்காகச் சேர்த்த சரக்கோ என்று நியாயமான காரணமும் இருக்கலாம், அதனால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம்.

மின் செலவை நான் விடாமல் பார்ப்பேன். உருக்கு உலையும் நூற்பு மெஷினும் கரண்ட் இல்லாமல் ஓடாது. உற்பத்தி 30% கூடியதாகச் சொல்லிவிட்டு மின் செலவும் எரிபொருளும் அசையாமல் இருந்தால், புது மெஷினா, சோலாரா, அல்லது உற்பத்தி தாளில் மட்டும்தானா என்று கேட்க வேண்டும்.

அடுத்து குறிப்புகள். 2021 ஏப்ரலிலிருந்து இந்தியக் கம்பெனிகள் வரவேண்டிய பாக்கிக்கும் கட்டுமானத்தில் உள்ள சொத்துக்கும் வயது வாரியாக அட்டவணை தர வேண்டும். பழைய பாக்கி வருடா வருடம் ஒரே வயதில் நிற்கிறதா, மூன்று வருடமாகக் கட்டி முடியாத ஆலையில் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள், சாதாரணச் சம்பளத்தையும் பராமரிப்பையும் சொத்தாக்கி ஒளிக்கிற இடம் அதுதான். மெஷினின் ஆயுளை நீட்டித் தேய்மானத்தைக் குறைத்திருந்தால் அதுவும் குறிப்பில் வரும்.

கடைசியாக ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பைப் படியுங்கள். ஆடிட்டர் அறிக்கையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அரசு வகுத்த காரோ (CARO) 2020 உத்தரவு பொருந்துகிற கம்பெனிகளில், சரக்கின் எந்த வகையிலாவது 10% அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்ததா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். 5 கோடிக்கு மேல் சரக்கு, பாக்கி ஆகியவற்றின் பேரில் வங்கி லிமிட் இருந்தால், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு அறிக்கை கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் சொல்ல வேண்டும். ஒத்துப்போகாத இடங்களில் தொகையோடு அட்டவணையே போட்டிருப்பார்கள். பலரும் புரட்டாமல் விடுகிற பக்கம் இது, நான் அறிக்கையைத் திறந்ததும் முதலில் போகிற பக்கமும் இதுதான்.

கணக்கு திரிக்கப்பட்டிருக்குமா என்று கணிக்க பெனிஷ் என்பவர் 1999-இல் வெளியிட்ட எம்-ஸ்கோரும் உண்டு. பாக்கி, மார்ஜின், தேய்மானம், கடன், ரொக்கமில்லாத லாபம் என்று எட்டு விகிதங்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது, மைனஸ் 1.78-ஐ விட அதிகமாக வந்தால் எச்சரிக்கை. ஸ்ப்ரெட்ஷீட்டில் அரை மணி நேர வேலை. ஆனால் வேகமாக வளர்கிற நேர்மையான கம்பெனியையும் அது சந்தேகப் பட்டியலில் போட்டுவிடும், அதனால் தாளில் எழுதிய ஆறு வரிகளுக்குப் பிறகே இதைப் போடுங்கள்.

படி 6: சந்தேகம் வந்தபின் என்ன செய்வது

பங்கு வைத்திருப்பவர் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம், "சரக்கு ஏன் ஏறியது, எந்த மாதத்தில் எண்ணினீர்கள், எந்தக் குடோனில் இருக்கிறது" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் பொதுவாக இருந்தால் என் வழக்கம் விற்றுவிட்டு வெளியேறுவது. சப்ளையராக இருந்தால் தவணை நாளைக் குறையுங்கள், சண்டை போட வேண்டியதில்லை.

ஆடிட் செய்பவருக்குச் சட்டக் கடமை இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 143(12) பிரிவின்படி 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மோசடி நடந்ததாகக் கருதக் காரணம் இருந்தால் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குக் குறைவானால் ஆடிட் கமிட்டிக்கோ போர்டுக்கோ. 447-ஆவது பிரிவில் மோசடிக்குப் பத்து வருடம் வரை சிறை.

ஆர்ட்டிகிள் தம்பி தங்கைகளுக்கு, நான் அன்று செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் மணல் ஒட்டிய பீஸை மூட்டையில் போட்டு சீனியரிடம் காட்டினேன், அவர் அந்தக் குவியலின் மதிப்பைக் குறைக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார், கடைசியில் குறைத்தார்கள். ஆனால் இரண்டாவது குடோனை நான் அன்று எண்ணவில்லை, மறுநாள் காலைதான் போனேன். ஒரே சரக்கை இரவில் லாரியில் ஏற்றி அங்கே இறக்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் எல்லாக் குடோனையும் ஒரே நேரத்தில் எண்ணச் சொல்லுங்கள், ஆள் போதவில்லை என்றால் எண்ணாததைப் பூட்டி சீல் வைக்கச் சொல்லுங்கள். முன்வரிசையோடு நிற்காமல் பின்வரிசைப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் கடைசியாகப் போட்ட விற்பனை பில் எண், கடைசியாக உள்ளே வந்த சரக்கின் ரசீது எண், கேட் ரெஜிஸ்டரின் கடைசி வரி, மூன்றையும் உங்கள் கையாலேயே எழுதிக்கொண்டு, செக்யூரிட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.